பனிமலைக்கு போறியளா? ஏறுறதுக்கு முன்ன குழி தோண்டி பாருங்க

நாகர்கோவில்ல இருந்து நம்ம பயலுவ இப்ப மணாலி, குல்மார்க்னு கிளம்புறாங்க, பட்டாளத்துல இருக்கவங்களும் உண்டு, அதான் சொல்லுதேன். டிஆர்டிஓவோட (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) டிஜிஆர்இங்கிற பிரிவு போடுற பனிச்சரிவு எச்சரிக்கைய, அதாவது மலையில இருந்து பனி மொத்தமா சரிஞ்சு விழுற ஆபத்து பத்தின எச்சரிக்கைய, கண்டிப்பா பாருங்க, ஆனா அது மொத்த ஏரியாவுக்கும் சொல்றது, நீங்க ஏறப்போற சரிவுல அடியில என்ன கிடக்குன்னு தோண்டினாத்தான் தெரியும்.

கைடு கூட இருக்கணும், அது முக்கியம். ஆபத்தில்லாத இடமா, ஆனா ஏறப்போற சரிவு பாக்குற அதே திசையில குழி எடுத்து சுவர சமமா செதுக்கி மேலருந்து கீழ விரலால குத்திட்டே வாங்க. நடுவுல சீனி மாதிரி பொலபொலன்னு உதிர்ற அடுக்கு இருந்தா, அதுதான் வில்லன், மேல கிடக்குற பனி அதுமேலதான் வழுக்கி சரியும். அப்புறம் 30 சென்டிமீட்டர் சதுரத்துக்கு பனியிலயே ஒரு தூண வெட்டி, மேல மண்வெட்டிய வச்சு மணிக்கட்டால 10, முழங்கையால 10, தோளால 10 தட்டு. ஆரம்பத்துலயே தூணோட மேல்பாகம் பலகை கணக்கா சரக்குன்னு வழுக்குனா ஏறாதீங்க. தாங்குனாலும் ஒத்த குழிய நம்பிராதீங்க, பத்தடி தள்ளி வேற மாதிரி இருக்கும்.

நடக்கும்போது காலடியில ‘வும்ப்’னு சத்தமோ, பனியில விரிசல் ஓடுறதோ தெரிஞ்சா குழியெல்லாம் வேண்டாம், 30 டிகிரிக்கு மேல உள்ள சரிவ விட்டு விலகி திரும்பிருங்க.