உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்க

ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்னைக்கே அதன் மேல் தேதியை எழுதி வையுங்க. நாலு பெரியவங்க இருக்கிற வீட்டில் அது 50 நாளாவது வரணும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. முப்பதே நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகுது.

ஸ்பூன் கணக்கு ஏமாத்தும். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை இருக்காது. உப்பில் இருக்கிற சோடியம் கூடினால் உடம்பில் தண்ணீரைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏத்தும். குறைக்கணும்னா முதலில் சோத்துக்குப் போடும் உப்பை நிறுத்துங்க, குழம்பில் இருக்கிறதே போதும்.

மீன் கழுவ, ஊறுகாய் போட தனிப் பாக்கெட் வையுங்க, இல்லைன்னா கணக்கு கெட்டுப்போகும். மதுரைப் பக்கம் ராத்திரி பரோட்டா சால்னா வழக்கம். அந்த உப்பும் கருவாடு, அப்பளம், மோர்மிளகாயில் இருக்கிற உப்பும் இதில் சேராது. இதையெல்லாம் அடிக்கடி சாப்பிடுற வீடுன்னா பாக்கெட் 60 நாளைத் தாண்டணும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்புக்கு டாக்டரைக் கேட்காமல் மாறக் கூடாது. பிரஷர் மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க.