கண் முகாம் நடத்துவது எப்படி? பஸ்ஸில் ஏற்றுவதுதான் பெரிய வேலை

எங்கள் அரிமா சங்கம் (லயன்ஸ் கிளப்) நடத்திய முதல் இலவசக் கண் சிகிச்சை முகாமில், கண்புரை அறுவைக்கு 38 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மதியம் மருத்துவமனை பஸ்ஸில் ஏறியவர்கள் 11 பேர். மற்றவர்கள் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். மறு ஆண்டு அதே ஊரில் பஸ் நிறைந்து கிளம்பியது. இடையில் நாங்கள் மாற்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பந்தல், பொன்னாடை, நன்றியுரையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. தேதி: முதலில் மருத்துவமனையிடம் தேதி வாங்குங்கள், பள்ளியைப் பிறகு கேட்கலாம். முகூர்த்த நாளும் அமாவாசையும் வேண்டாம். அனுமதிக் கடிதங்களை மருத்துவமனையின் முகாம் அலுவலரிடமே கேளுங்கள். அவருக்கு அது தினசரி வேலை.

2. இடம்: மண்டபத்தைவிட அரசுப் பள்ளியே மேல். பார்வை அட்டைக்கும் ஆளுக்கும் 6 மீட்டர் இடைவெளி வேண்டும். வகுப்பறை போதாவிட்டால் வராந்தாவில் அளந்து சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'ஈ'யை நான்கு திசையிலும் திருப்பிப் போட்ட அட்டை உண்டு. கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். மருத்துவர் பார்க்க ஓர் இருட்டறை தேவை. ஜன்னலுக்குப் பழைய போர்வையும் நான்கு ஆணியும் கொண்டுபோங்கள்.

3. விளம்பரம்: ஃபிளெக்ஸ் பேனர் வீண்செலவு. கண் தெரியாதவருக்கு எதற்கு பேனர்? முகாமுக்கு முந்தைய சந்தை நாளில் ஆட்டோவில் ஒலிபெருக்கி, விடியற்காலையில் பால் சங்கத்தில் ஒரு வார்த்தை, ரேஷன் கடையில் ஒரு நோட்டீஸ். வாட்ஸ்அப்பும் உதவும், ஆனால் பெரியவர்களுக்கு அல்ல. திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்வார்கள்.

4. பஸ்: நாங்கள் சறுக்கிய இடம் இதுதான். முதல் ஆண்டு ஒரு பாட்டி பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, "ஏன் தம்பி, மூன்று நாள் என் ஆட்டை யார் ஓட்டிக் கட்டுவது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் காலை எடுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற நான்கு பேரும் கலைந்துவிட்டார்கள். பயம்தான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். விசாரித்தால் ஒருவரிடம் மாற்றுத்துணி இல்லை, இன்னொருவர் மகனைக் கேட்காமல் வரமாட்டார், மற்றொருவர் வீட்டில் கறவை மாடு.

மறு ஆண்டு ஆட்டோ அறிவிப்பிலேயே "மாற்றுத்துணியோடு வாருங்கள்" என்று சேர்த்தோம். பதிவு நோட்டில் இரண்டு கட்டங்கள் கூடின: வீட்டில் யாரைக் கேட்க வேண்டும், ஆடு மாட்டை யார் பார்ப்பது. மகனுக்கு அங்கேயே போன் போட்டுப் பாட்டி கையில் கொடுத்தோம். ஆட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி வைத்தோம். எல்லாவற்றுக்கும் மேல், முதல் ஆண்டு அறுவை செய்துகொண்ட ஓர் அம்மாவைப் பதிவு மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். அவர் எதுவும் பிரசங்கம் செய்யவில்லை. ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். எங்கள் தலைவரின் அரைமணி நேர உரை செய்யாததை அந்த ஊசி செய்தது.

(1925-ல் அமெரிக்காவில் நடந்த அரிமா மாநாட்டில், பார்வையும் செவியும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்காகக் கேட்டுக்கொண்டதிலிருந்து கண் எங்கள் இயக்கத்தின் சொந்த வேலை. மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்ததில் இத்தகைய ஊர் முகாம்களுக்குப் பெரிய பங்கு உண்டு.)

5. திரும்பி வரும் நாள்: பஸ் இருட்டிய பிறகும் வரலாம். இரண்டு ஆட்டோவைச் சொல்லி வையுங்கள். மறுபரிசோதனைத் தேதியைச் சீட்டில் எழுதினால் தொலைந்துவிடும். சொட்டுமருந்துப் பெட்டியின் மேலேயே எழுதுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு முகாம் நடத்திய நண்பர் ஒருவர், பாதிப்பேர் வெறும் வயிற்றோடு வந்து மயங்கி உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். சர்க்கரை நோயாளிகள் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாத்திரை அட்டையோடு வர வேண்டும் என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுங்கள். இன்னொன்று: கண்ணின் பாப்பா (கருவிழி நடுவிலுள்ள துளை) விரிய சொட்டுமருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும். மொபெட்டில் வந்தவரின் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.