டிஸ்பென்சரியா, பெரியாஸ்பத்திரியா? நாம் விடும் பிழைகள்

திருகோணமலையில் பின்னேரம் ஆனால் தனியார் டிஸ்பென்சரி வாசல்களில் செருப்பு நிறைந்துவிடும். நம்பர் எடுத்து, டொக்டரைக் காட்டி, மருந்தையும் வாங்கிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். தடிமன், காதுவலி, சின்னக் காயம், முதல் நாள் வயிற்றோட்டம் இதற்கெல்லாம் அது நல்ல இடம்தான். எல்லா வருத்தத்துக்கும் அங்கேயே போய்க் குந்துவதில்தான் பிழை வருகிறது.

என் சித்தப்பாவுக்கு ஒரு நாள் நெஞ்சு இறுக்கம், இடது கையில் உளைவு. "வாயுதான்" என்று ஓமத் தண்ணீர் குடித்தார். அது கேட்கவில்லை. டிஸ்பென்சரிக்குப் போய் 23ஆம் நம்பரோடு வாங்கில் இருந்தார். சேட்டு நனைய வியர்ப்பதைக் கண்டு, மருந்து கொடுக்கும் பிள்ளைதான் அவரை உள்ளே கூட்டிப் போனாள். டொக்டர் அஸ்பிரினைச் சப்பித் தின்னக் கொடுத்துவிட்டு, 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொன்னார். அதற்குள் இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. அங்கே இதயத்தைச் சோதிக்கும் ஈசிஜி மெஷின் இல்லை. டொக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் யோசிப்பது இதைத்தான்: இந்த வருத்தத்துக்குத் தேவையானது அங்கே இருக்கிறதா? நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டுதல், வலிப்பு, திடீரென்று வாய் கோணி ஒரு பக்கக் கை சோர்வது, பாம்புக்கடி என்றால் இல்லை. நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் வேறு எடுக்க வேண்டும். பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுக்குவதும் கீறுவதும் வேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலவசம். என்றாலும் நம்மில் பலர் ஆட்டோதான் தேடுகிறோம்.

டெங்குவில் நாம் ஏமாறுகிற விதம் வேறு. 2017இல் பக்கத்துக் கிண்ணியா டெங்குவால் பட்ட பாடு இங்கே யாருக்கும் மறந்திருக்காது. அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் பதிவானார்கள். முதல் நாளே இரத்தம் சோதித்து "ஒன்றுமில்லை" என்ற துண்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்தத்தை மறுபடி சோதிக்க வேண்டும். அப்புறம், காய்ச்சல் விட்டதும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிகிற நேரம் அது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுவது, சலம் குறைவது, எங்காவது இரத்தம் கசிவது, இதில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். உடம்பு உளைவுக்கு புரூபன், டைக்ளோஃபெனாக் என்ற வலிக் குளிசைகளைப் போடவே கூடாது. அளவோடு பனடோல் மட்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மூன்றாம் நாள் கணக்கெல்லாம் கிடையாது. முதல் நாளே காட்டிவிடுங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். திருக்கை முள் காலில் குத்தினால், தாங்கக்கூடிய சுடுநீரில் காலை வைத்திருங்கள்; ஒரு மணித்தியாலம் வைத்தாலும் சரி, வலி நன்றாகக் குறையும். முள் உள்ளே முறிந்திருந்தால், நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் ஆஸ்பத்திரிதான். நாய் கடித்தால் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மறுபக்கமும் உண்டு. ஒரு கிழமையாக இருக்கும் இருமலோடு இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவுக்குப் போய், முதலில் பார்க்கவில்லையே என்று தாதியோடு கொழுவுவது. அங்கே நம்பர் வரிசை கிடையாது, ஆபத்தானவர்தான் முதல்.

எங்கே போனாலும் கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு, "பிரஷருக்கு ஒரு வெள்ளைக் குளிசை" என்று சொல்லாதீர்கள். பாதிக் குளிசை வெள்ளைதான். சித்தப்பாவின் கொப்பி இப்போது கதவுக்குப் பக்கத்து ஆணியில், குளிசை மட்டைகளோடு ஒரு சொப்பிங் பையில் தொங்குகிறது.