புளோரிடாவில் கடன் பத்திரத்துக்குக் கோர்ட் ஒப்புதல்: புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் போன மாதம் காலண்டரை வைத்துக்கொண்டு விசாரணை நாளிலிருந்து பின்னோக்கி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணியது தப்பு. ஒரு காலத்தில் நானும் செய்த தப்புதான். மனுவில் கையெழுத்து விட்டுப்போவது, தொகையில் ஒரு சைபர் கூடிப்போவது எல்லாம் யார் கண்ணிலாவது பட்டுவிடும். அவற்றை விடுங்கள்.

புளோரிடாவில் கவுண்ட்டியோ (நம்மூர் மாவட்டம் மாதிரி) நகராட்சியோ கடன் பத்திரம் வெளியிடும் முன், மாநிலச் சட்டத்தின் 75ஆம் அத்தியாயப்படி சர்க்யூட் கோர்ட்டில், அதாவது மாநில விசாரணை நீதிமன்றத்தில், ஒப்புதல் கேட்கலாம். தீர்ப்பு உறுதியாகிவிட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று பிறகு யாரும் கிளப்ப முடியாது.

விளம்பர நாள் கணக்கு

இந்த மனுவில் எதிர்த்தரப்பு யார்? மாநில அரசு, அப்புறம் அந்த ஊரில் சொத்து உள்ளவர், வரி கட்டுபவர், குடியிருப்பவர் அத்தனை பேரும். வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்க முடியாது. அதனால் விசாரணைத் தேதி குறித்துக் கோர்ட் தரும் உத்தரவை வாரம் ஒருமுறையாக 2 வாரம் தொடர்ந்து செய்தித்தாளில் போட வேண்டும். முதல் விளம்பரம் விசாரணைக்குக் குறைந்தது 20 நாள் முன்னால் வந்திருக்க வேண்டும். ஊர் முழுவதையும் வழக்குக்குள் இழுத்து வருவதே அந்த விளம்பரம்தான்.

நான் தப்பு செய்த வழக்கில் விசாரணை 24ஆம் தேதி, புதன்கிழமை. உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு உத்தரவை 3ஆம் தேதியே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது வெள்ளிக்கிழமை வரும் பத்திரிகை. வெளியானது 5ஆம் தேதி. 19 நாள்! எதிர்க்க ஈ காக்கா வரவில்லை. ஆனால் அரசு வழக்கறிஞர், விளம்பரம் எந்த நாளில் வந்தது என்று பத்திரிகை எழுதித் தந்த பிரமாணப் பத்திரத்தைப் புரட்டினார், தேதியில் விரலை வைத்து நீதிபதியைப் பார்த்தார். அவ்வளவுதான். மறுபடி உத்தரவு, மறுபடி விளம்பரம், ஐந்து வாரம் தள்ளி புதுத் தேதி. அதற்குள் வட்டி ஏறிவிட்டது. அந்த ஏற்றத்தை ஊர்க்காரர்கள் பத்திரம் முதிரும் வரை கட்டுகிறார்கள். இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

பத்திரிகை எந்தக் கிழமை வருகிறது, விளம்பரம் எப்போதுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று முதலில் கேளுங்கள். விசாரணைத் தேதி அதற்குப் பிறகு. நீங்கள் அனுப்பிய நாள் கணக்கிலேயே வராது. அச்சான நாள்தான் கணக்கு.

வரிக்குக் கட்டணம் என்று பெயர் வைப்பது

சொத்து வரியை நம்பி 12 மாதத்துக்கு மேல் கடன் வாங்கினால், மாநில அரசியல் சாசனப்படி மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். அதைத் தவிர்க்கச் சில ஊர்கள் 'கட்டணம்' என்று பெயர் மாற்றிப் பார்க்கும். போர்ட் ஆரஞ்ச் நகரம் சாலைகளுக்காக அப்படி ஒரு போக்குவரத்துக் கட்டணம் போட்டு, அதைக் காட்டிப் பத்திரத்துக்கு ஒப்புதலும் வாங்கியது. 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் இது வரிதான் என்று சொல்லி ஒப்புதலை ரத்து செய்தது.

திட்டம் நல்லது என்று வாதாடுவது

நீதிபதி பார்ப்பது மூன்றே விஷயம்: அதிகாரம் உண்டா, நோக்கம் சட்டப்படி சரியா, நடைமுறை சரியா. பூங்கா அழகாக இருக்கும் என்பதெல்லாம் நகர்மன்றத்தில் பேச வேண்டியது.

அரசு வழக்கறிஞரைக் கடைசியில் நினைப்பது

மனுவும் உத்தரவும் அவர் கைக்குப் போய்ச் சேரவும் விசாரணைக்கு முன் அதே 20 நாள் வேண்டும்.

தீர்ப்பு வந்த மறுநாளே விற்பது

மேல்முறையீட்டுக்கு 30 நாள் உண்டு. பொறுங்கள்.