பன்னீர் திராட்சை சோர்பே: ஐஸ்கிரீம் மெஷின் வேண்டாம், மிக்ஸி போதும்

குச்சி ஐஸை அழுத்தி உறிஞ்சினால் கொஞ்ச நேரத்தில் நிறமும் இனிப்பும் வாய்க்கு வந்துவிடும். குச்சியில் வெறும் வெள்ளைக் கட்டிதான் மிஞ்சும். தண்ணீர் உறையும்போது சர்க்கரையைத் தன்னோடு சேர்க்காமல் வெளியே தள்ளிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தள்ளப்பட்ட சர்க்கரை, மீதித் தண்ணீரில் கெட்டிப் பாகாகத் தங்கி, எளிதில் உறையாமல் நிற்கும். அந்தப் பாகுக்குள் பொடிப்பொடியான பனித்துகள்கள் மிதந்தால் அது சோர்பே, அதாவது பால் சேராமல் பழச்சாற்றில் செய்யும் மென்மையான ஐஸ். துகள்கள் பெரிதாக வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது குச்சி ஐஸ்.

ஆகவே இதில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. பழத்தில் இருப்பதும் நாம் சேர்ப்பதுமாக, கலவையின் எடையில் 25 முதல் 30 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும். ‘உடம்புக்கு ஆகாது’ என்று பாதியாகக் குறைத்தால் இனிப்பு குறைந்த சோர்பே கிடைக்காது, கரண்டி இறங்காத பாறைதான் கிடைக்கும். வேண்டுமானால் ஒரு கரண்டி குறைவாகச் சாப்பிடலாம்.

பழம் பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் அந்தக் கறுப்புக் கொட்டைத் திராட்சைதான். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. புளிப்பும் மணமும் தூக்கலாக இருப்பதால் உறைந்த பிறகும் ருசி மங்காது. கொட்டையில்லாத பச்சைத் திராட்சையில் செய்தால் வெறும் சர்க்கரைத் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

தேவையானவை (நான்கைந்து பேருக்கு)

பன்னீர் திராட்சை 1 கிலோ, சர்க்கரை 100 கிராம் (அரை கப்), தண்ணீர் 50 மில்லி, எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. சோர்பேயில் முட்டை சேராது, ஆனால் பதம் பார்க்கப் புது முட்டை ஒன்று வேண்டும். முட்டை புழங்காத வீடுகளில் தராசை நம்பினால் போதும்.

சாறு எடுப்பது

திராட்சையைக் காம்பிலிருந்து உதிர்த்து, கல்லுப்புத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, இரண்டு மூன்று முறை அலசுங்கள். ஸ்டீல் பாத்திரத்தில் போட்டு 50 மில்லி தண்ணீர் தெளித்து, மூடி, சிறு தீயில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். திராட்சையின் புளிப்பு அதோடு சேர்ந்தால் நிறமும் ருசியும் கெடும். ஐந்து நிமிடத்தில் பழம் வெடிக்கத் தொடங்கும். மத்தால் மெதுவாக மசித்து, தோலின் சாயம் முழுக்க இறங்கும்வரை இன்னும் மூன்று நான்கு நிமிடம். அதற்கு மேல் கொதித்தால் ஜாம் வாசனை வந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் மிக்ஸியைத் தொடாதீர்கள். கொட்டை உடைந்தால் சாறு கசக்கும், வடிகட்டினாலும் அந்தக் கசப்பு போகாது. வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திப் பிழியுங்கள். ஏறக்குறைய 600 மில்லி சாறு வரும். சூடு இருக்கும்போதே சர்க்கரையும் உப்பும் போட்டுக் கரைத்துவிட்டு ஆறவிடுங்கள். ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு.

முட்டைப் பரிசோதனை

பழத்துக்குப் பழம் இனிப்பு மாறும். ஒரே கொடியில் கூட மாறும். அதனால்தான் இந்தப் பழைய உத்தி. கழுவித் துடைத்த முட்டையை முதலில் வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புது முட்டை. பழைய முட்டை காற்று புகுந்து தானாகவே மிதக்கும், அது உதவாது. பிறகு, நன்றாக ஆறிய கலவையில் கொஞ்சத்தை ஒரு டம்ளரில் ஊற்றி முட்டையை விடுங்கள்.

முட்டை மிதந்து, மேலே ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தெரிந்தால் அளவு சரி. மூழ்கினால் சர்க்கரை போதாது, ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டிக் கரைத்து மறுபடி பாருங்கள். நாணயத்தைவிட அகலமாகத் தலை தூக்கினால் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். முட்டை பட்ட சாற்றை ஒரு கொதி விட்டு, ஆறவைத்து மீதியோடு சேருங்கள்.

வாயில் வைத்தால் இனிப்பு ஒரு பிடி தூக்கலாகத்தான் தெரியும். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும் என்பதால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியும் திகட்டினால் 100 கிராம் சர்க்கரையில் 25 கிராமுக்குப் பதிலாகக் குளுக்கோஸ் பொடி போடலாம். அதற்கு இனிப்பு குறைவு, உறைவதைத் தடுக்கும் வலு சர்க்கரையைவிடக் கூடுதல். (இப்படி மாற்றினால் முட்டையை முழுதாக நம்ப வேண்டாம்.) சீனித்துளசி போன்ற மாற்று இனிப்புகள் இங்கே பலிக்காது, துளிதான் சேர்க்கிறோம் என்பதால் பனி இறுகுவதை அவற்றால் தடுக்க முடியாது.

உறையவைப்பது

மெதுவாக உறைந்தால் பனித்துகள் பெரிதாகும், சீக்கிரம் உறைந்தால் பொடியாக நிற்கும். முந்தின நாளே ஃப்ரீசரை அதிகக் குளிருக்குத் திருப்பிவையுங்கள். கலவையை நேராக ஃப்ரீசரில் வைக்காமல், கீழ்த்தட்டில் நான்கு மணி நேரம் சில்லென்று ஆக்குங்கள். பிறகு ஐஸ் ட்ரேக்களில் ஊற்றி ஃப்ரீசரில் எட்டு மணி நேரம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் இரவு முழுக்க.

மறுநாள் ஒரு கட்டியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாகப் பதிந்தால் மிக்ஸிக்குப் போகலாம். கல் போல இருந்தால் அரைக்க வேண்டாம், பிளேடும் ஜாரும் வீணாகும். உருக்கி, இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை சேர்த்து மறுபடி உறையவையுங்கள்.

பெரிய ஜாரைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, கட்டிகளில் பாதியை மட்டும் போடுங்கள். முழுதையும் திணித்தால் அடியில் உள்ளது உருகும், மேலே உள்ளது அசையாது. விட்டுவிட்டு, ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு நொடி, நடுவில் கரண்டியால் தள்ளிவிட்டு அரைக்க வேண்டும். கருநீலம் வெளிறி இளம் ஊதாவாகி, இட்லி மாவு போல வழவழவென்று திரண்டதும் நிறுத்துங்கள். ஆசைப்பட்டு இன்னும் ஓட்டினால் மோட்டார் சூட்டில் ஜூஸாகிவிடும்.

அகலமான ஸ்டீல் டப்பாவில் வழித்துப் போட்டு, மேலே பட்டர் பேப்பர் ஒட்டி, இறுக மூடி மூன்று மணி நேரம் வையுங்கள். மூடி தளர்ந்திருந்தால் ஃப்ரிட்ஜில் இருக்கும் மல்லிகைப்பூ வாசனை முழுக்க சோர்பேயில் ஏறும்.

மிக்ஸி இல்லாவிட்டால், கலவையை அகலத் தட்டில் ஊற்றி, ஓரம் உறையத் தொடங்கியதிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை முள்கரண்டியால் சுரண்டிக் கிளறலாம். ஐந்தாறு தடவை. கொஞ்சம் நறநறப்பாகத்தான் வரும், மோசமில்லை.

சரியாக வராவிட்டால்

எத்தனை மணி நேரம் வைத்தாலும் கூழாகவே இருந்தால் ஒன்று சர்க்கரை அதிகம், அல்லது ஃப்ரீசரில் குளிர் போதவில்லை. உள்ளே இருக்கும் சாதாரண ஐஸ் கட்டி இறுகியிருந்தால் குற்றம் சர்க்கரையுடையது. 100 மில்லி தண்ணீர் கலந்து மறுபடி உறையவையுங்கள். முதல் நாள் வழுவழுப்பாக இருந்தது மறுநாள் மணல் போலானால், இடையில் கரன்ட் போயிருக்கும். பாதி உருகி மறுபடி உறையும்போது துகள்கள் பெரிதாகிவிடும். கட்டியாக வெட்டி இன்னொரு முறை மிக்ஸியில் ஓட்டினால் சரியாகிவிடும். ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது.

வேறு பழங்கள்

மாம்பழம் இன்னும் சுலபம்; கெட்டிச் சதையே துகள்களை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கும். பங்கனபள்ளியோ இமாம் பசந்தோ, 500 கிராம் விழுதுக்கு 120 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. இந்தக் கெட்டியில் முட்டை சரியாக மிதக்காது, எடையைத்தான் நம்ப வேண்டும். நார்ப்பழம் என்றால் வடிகட்டுங்கள்.

அன்னாசிக்கு 500 கிராம் வடிகட்டிய சாற்றுக்கு 105 கிராம். பச்சை அன்னாசியைப் பாலோடு கலந்தால் நேரம் ஆக ஆகக் கசக்கும்; இதில் பால் இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை. தர்ப்பூசணியில் இயற்கை இனிப்பு குறைவு என்பதால் 500 மில்லி சாற்றுக்கு 135 கிராம் போகும், தண்ணீர் சொட்டுக்கூட வேண்டாம். ஒரு முழு எலுமிச்சை பிழியுங்கள். இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும்.

பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் டப்பாவை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கிண்ணங்களையும் அப்போதே குளிரவையுங்கள். சித்திரை வெயிலில் வெறும் கிண்ணத்தில் வைத்தால் கரண்டி எடுப்பதற்குள் அடியில் குளம் கட்டிவிடும்.