மதிப்பீட்டு அறிக்கையைத் திருப்பி அனுப்புவது எப்படி

வீட்டுக் கடன் பிரிவில் என் மேஜைக்கு, சொத்தின் விலையைக் கணித்துச் சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை வந்தால், கடைசிப் பக்கத் தொகையை முதலில் பார்க்க மாட்டேன். பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளைப் போட்டோக்களோடு ஒப்பிடுவேன். பத்திரத்தில் கிழக்கே 20 அடி ரோடு, போட்டோவில் கிழக்கே பக்கத்து வீட்டுச் சுவர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மதிப்பீட்டாளர் வேறு மனையைப் பார்த்திருக்கலாம். ரோடே இல்லாமலும் இருக்கலாம்.

அப்புறம் பரப்பளவு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 5 சென்ட் என்றால் 2,178. அறிக்கையில் 2,400 என்று இருந்தால், இல்லாத 222 சதுர அடிக்கும் கடன் கொடுக்கிறோம், அதற்கும் சேர்த்து ஒரு குடும்பம் வட்டி கட்டும்.

விலைக்கு ஆதாரமாக 'உள்ளூரில் விசாரித்ததில்' என்ற வரி போதாது. அதே பகுதியில் அண்மையில் பதிவான விற்பனைகளை சர்வே எண்ணோடு கேளுங்கள். பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் நில விலையான வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பாருங்கள். சந்தை விலை அதிலிருந்து விலகலாம். ஏன் என்று எழுதியிருக்க வேண்டும்.

நிராகரிப்பதைப் போனில் சொல்லாதீர்கள். ஒவ்வொரு குறையையும் பக்க எண்ணோடு மெயிலில் எழுதுங்கள். என்ன தொகை வர வேண்டும் என்று மட்டும் ஒருபோதும் சொல்லக் கூடாது. திருத்திய அறிக்கை புதிய தேதியோடு வரட்டும். பழையதையும் ஃபைலிலேயே வையுங்கள்.