ஜாவா ஃபெர்ன்: மண்ணில் புதைக்கக் கூடாத செடி

மீன் தொட்டியில் முதன்முதலாகச் செடி வைக்கப் போகிறீர்களா? ஜாவா ஃபெர்னில் ஆரம்பியுங்கள். தென்கிழக்கு ஆசியக் காடுகளில், ஓடையோரப் பாறையையும் மர வேரையும் பற்றிக்கொண்டு நிழலில் வளர்கிற பெரணி இது. அதனால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், உர மண் எதுவும் தேவையில்லை.

கடையில் இலையைப் பார்க்காதீர்கள், அடித்தண்டைப் பாருங்கள். இலைகளும் வேர்களும் கிளம்புகிற, சின்ன இஞ்சித் துண்டு மாதிரிப் படுத்திருக்கும் அந்தத் தண்டுதான் ரைசோம். அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக, பச்சையாக இருக்க வேண்டும்; கொழகொழவென்று கறுத்திருந்தால் வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூர் மீன் கடைகளில் விசாரிக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் நன்றாக அலசி, அழுகிய இலைகளை வெட்டிவிடுங்கள். இலைக்கடியில் ஜெல்லி மாதிரி ஒட்டியிருப்பது நத்தை முட்டை, அதையும் வழித்தெடுங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். ரைசோமை மணலுக்குள் புதைக்கவே கூடாது. என் முதல் செடியை அப்படித்தான் இழந்தேன், மூன்றே வாரத்தில் தண்டு அழுகி இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. ஒரு கல்லோ மரக்கட்டையோ எடுத்து, அதன் மேல் ரைசோமைக் கிடத்தி, நூலால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள், இறுக்கித் தண்டை நசுக்கிவிடாதீர்கள். பருத்தி நூல் வேர் பிடிப்பதற்குள் மக்கிவிடலாம் என்பதால் எனக்குப் பிடித்தது தூண்டில் நரம்புதான். ஓரிரு மாதத்தில் வேர் கல்லைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் நரம்பை வெட்டி எடுத்துவிடலாம்.

தண்ணீர் 20 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சரி, உப்புத்தன்மை அதிகமில்லாத கொஞ்சம் கடினமான போர் தண்ணீரையும் தாங்கும். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். செடி மெதுவாக வளர்வதால், வெளிச்சம் கூடினால் இலை மேல் பாசி படிந்துவிடும், ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டவே வேண்டாம்.

முதல் சில வாரங்களில் பழைய இலைகள் பழுத்துக் கண்ணாடி மாதிரி ஆகலாம். ரைசோம் பச்சையாக இருக்கிறதா? அப்படியானால் பொறுத்திருங்கள், புது இலை வரும். ஆனால் இலையெங்கும் குண்டூசி குத்தினது போல ஓட்டைகள் விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியம் போதவில்லை, மீன் தொட்டிக்கான திரவ உரம் கொஞ்சம் விடுங்கள்.

இலையின் அடியில் வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரிந்தால் நோய் என்று நினைத்து நிறையப் பேர் இலையையே வெட்டிவிடுகிறார்கள், எனக்கு அதைக் கேட்டாலே மனசு கஷ்டமாகிவிடும். அவை பெரணி இனம் பெருக உதவும் விதைத்துகள் (ஸ்போர்) இருக்கும் பைகள். கொஞ்ச நாளில் இலை நுனியில் நகக்கண் அளவுக்குக் குட்டிச் செடி ஒன்று, முடி போன்ற பழுப்பு வேர்களோடு தொங்கும். அதற்கு மூன்று நான்கு இலை வந்ததும் மெல்லக் கிள்ளி எடுத்து, இன்னொரு கல்லில் கட்டுங்கள்.